சுவர் தானாக விழுவதில்லை

"கிரஷர் சுவர் இடிந்து விழுந்து தொழிலாளி படுகாயம்."

என் சித்தப்பாவைப் பற்றி அச்சில் வந்த ஒரே வாக்கியம் இதுதான். நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் வந்த நான்கு வரிச் செய்திக்குத் தலைப்பு. அந்தத் துண்டை என் சித்தி இன்னும் குடும்ப அட்டைக்குள் மடித்து வைத்திருக்கிறார். பத்தாம் வகுப்பில் இலக்கணம் படித்தபோது அந்த வாக்கியத்துக்கு எழுவாய் எது என்று தேடிப் பார்த்தேன். சுவர்தான் எழுவாய். சுவர் இடிந்தது, சுவர் விழுந்தது. அதை இடிக்கச் சொன்னவர் யார், எப்படி இடிக்கச் சொன்னார், அடியில் ஆள் நிற்கும்போது ஏன் இடித்தார்கள் என்ற எதுவும் அந்த வாக்கியத்தில் இல்லை.

நான் பிறந்து வளர்ந்தது தாம்பரத்துக்கு வடக்கே, பம்மலுக்கும் திருநீர்மலைக்கும் நடுவில். பல்லாவரம், திரிசூலம், அனகாபுத்தூர், கீழ்க்கட்டளை, நன்மங்கலம், எருமையூர் என்று இந்தப் பக்கம் எங்கே போனாலும் கல்குட்டை இருக்கும். சென்னையின் சாலைக்கும் பாலத்துக்கும் வீட்டுக்கும் ஜல்லி கொடுத்துக் கொடுத்துக் குழியாகிப்போன மலைகள் அவை. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்லியல் வரலாறு அந்த நாளைக் கொண்டாடுகிறது. 2017 வறட்சியில் குழாய் வற்றியபோது சிக்கராயபுரத்துக் கல்குட்டைத் தண்ணீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் கொடுத்தார்கள். கல்லைக் கண்டெடுத்தவர் பெயர் தெரியும். குட்டைத் தண்ணீரை எத்தனை நாள் குடித்தோம் என்பதற்கும் கணக்கு உண்டு. அந்தக் குழியைத் தோண்டிய கைகளுக்குத்தான் பெயரும் இல்லை, கணக்கும் இல்லை.

என் ஆயா சுத்தியலால் ஜல்லி உடைத்தவர். கிரஷர் வந்த பிறகு அப்பாவும் சித்தப்பாவும் அதில் வேலைக்குப் போனார்கள். குவாரி ஆழமாகிக்கொண்டே போனது, சுற்றிலும் வீட்டு மனைகள் வந்தன, ஒருநாள் குவாரி நின்றது. சில வருடம் கிரஷர் அப்படியே துருப்பிடித்து நின்றது. பிறகு அதை இடிக்க ஆள் தேவைப்பட்டது. யாரைக் கூப்பிடுவார்கள்? அங்கேயே 11 வருடம் வேலை பார்த்து, வேலை போன பிறகு சும்மா இருந்தவர்களைத்தான் கூப்பிட்டார்கள். தன் சோறு போன இடத்தைத் தானே இடிப்பதுதான் அந்தக் கிரஷரில் சித்தப்பாவுக்குக் கிடைத்த கடைசிக் கூலி.

மூன்றாம் நாள், லாரி ஏறிக் கல் கொட்டும் ரேம்பின் சுவர் சரிந்தது. சித்தப்பாவின் இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் சொல்ல வேண்டும். குவாரி முதலாளி, "நான் கிரஷரை லாட்டா வித்துட்டேன், எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார். வாங்கிய இரும்பு வியாபாரி, "நான் வாங்குனது இரும்பு, ஆள நான் வாங்கல" என்றார். மேஸ்திரி அழுதுகொண்டே, "நானும் கூலிக்காரன்தான் அண்ணி" என்றார் சித்தியிடம். அப்பா ஒரு அலுவலகத்துக்குப் போனார். "குவாரின்னா சுரங்கம், அது எங்க கீழ வராது" என்றார்கள். இன்னொரு அலுவலகத்தில், "கட்டடம் இடிக்கிறது எங்க வேலை இல்லைங்க" என்றார்கள். கடைசியில் முதலாளி 40,000 ரூபாய் கொடுத்தார். வீட்டு வாசலில் நிற்கவைத்து எண்ணிக் கொடுத்தார். 11 வருடம் உழைத்த சித்தப்பா அந்த வாசற்படியை ஒருநாளும் தாண்டியதில்லை. கால் போன பிறகும் தாண்டவில்லை.

இதை ஒரு குடும்பத்தின் சோகமாகப் படித்துவிட்டுப் போய்விடாதீர்கள், தோழர்களே. எங்கள் வீட்டுக் கதையில் வந்த மூன்று பேரும் இரண்டு அலுவலகங்களும் இன்றும் அப்படியேதான் இருக்கிறார்கள்.

இடிப்பு வேலையின் காசு எப்படி ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். ஒரு கட்டடத்தைக் கட்டும்போது உரிமையாளர் காசு கொடுக்கிறார். கொடுத்த காசுக்கு வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஆள் வைக்கிறார். பழைய கட்டடத்தை இடிக்கும்போது பல இடங்களில் காசு எதிர்த்திசையில் ஓடுகிறது. உள்ளே இருக்கும் இரும்பு, மோட்டார், கம்பி, மரம் எல்லாவற்றுக்கும் விலை பேசி, இடிப்பவரிடம் உரிமையாளர் காசு வாங்கிக்கொள்கிறார். அன்றோடு அவருக்கு அந்த இடத்தில் அக்கறை முடிந்துவிடுகிறது. இடிப்பவருக்கோ, இரும்பு எவ்வளவு சீக்கிரம் காயலான் கடைக்குப் போகிறதோ அவ்வளவு லாபம். முட்டுக்கொடுக்க ஒரு நாள், மின்இணைப்பைத் துண்டித்து உறுதிசெய்ய ஒரு நாள், மேலிருந்து ஒவ்வொரு அடுக்காக இறக்க நான்கு நாள் என்றால் அத்தனையும் அவருக்கு நட்டம். பாதுகாப்பு என்பதே நட்டக் கணக்கில் வரும் வேலை இது.

கிரஷர் மற்ற கட்டடங்களைப் போன்றதும் இல்லை. ரேம்ப் என்பது ஒரு பக்கம் கல்சுவர், அதற்குப் பின்னால் டன் கணக்கில் மண்ணும் கல்தூளும். முன்னால் இருக்கும் ஹாப்பரும் கான்கிரீட்டும் பல வருடமாக அந்தச் சுவருக்குத் தோள்கொடுத்து நிற்கும். விலைபோகும் இரும்பு ஹாப்பர்தான் என்பதால் அதைத்தான் முதலில் வெட்டி எடுப்பார்கள். மழை ஊறிய மண் பின்னாலிருந்து தள்ளும். சித்தப்பாவின் காலை எடுத்தது இதுதான். கன்வேயர் பெல்ட் ஓடும் நீண்ட இரும்புச் சட்டத்தை எந்த முனையில் முதலில் வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அது கீழே உட்காரும் அல்லது ஊஞ்சல்போல வீசி ஆளை அடிக்கும். கேஸ் கட்டர் பிடிப்பவர் எதன்மேல் நின்றுகொண்டு எதை வெட்டுகிறார் என்று பார்க்க ஒருவர் வேண்டும். பல டன் எடையுள்ள ஜா கிரஷரின் சக்கரம் சும்மா நிற்பதுபோலத் தெரியும், பிடி விட்டால் சுழலும். பக்கத்தில் வேலியில்லாத குவாரி விளிம்பு. பாறையில் வெடிக்காமல் தங்கிப்போன தோட்டா இருக்கலாம். எந்த உத்தரத்தைத் தட்டினாலும் கொட்டும் கல்தூசியில் சிலிக்கா இருக்கும். அது நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. கால் போன சித்தப்பாவை இன்று படுக்கவிடாமல் செய்வது காலின் வலி அல்ல, இருமல்.

இதையெல்லாம் எப்படிச் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியாமல் இல்லை. கட்டடங்களை இடிப்பதற்கான பாதுகாப்பு நெறிமுறையாக ஐ.எஸ். 4130 என்ற இந்தியத் தரநிலையே இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம், கட்டுவதோடு இடிப்பதையும் கட்டுமானப் பணி என்றே வரையறுத்தது. அதன்கீழ் 1998இல் வந்த மத்திய விதிகளில் இடிப்பு வேலைக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. ஆனால் அதே 1996 சட்டத்தின் வரையறையின் கடைசியில் ஒரு விலக்கு இருந்தது. தொழிற்சாலைச் சட்டமோ சுரங்கச் சட்டமோ பொருந்தும் இடத்தில் நடக்கும் கட்டுமானப் பணிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கும் பொருந்தாது.

இப்போது கிரஷரை அதில் வைத்துப் பாருங்கள். 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி குவாரி ஒரு சுரங்கம். தோண்டிக்கொண்டிருக்கும் இடம் மட்டுமின்றி, தோண்டப்பட்ட இடமும் அந்த வரையறைக்குள் வரும். குவாரியைச் சேர்ந்த கிரஷரும் அதில் அடங்கும். தனியாக நிற்கும் கிரஷர் என்றால் அது தொழிற்சாலை. இரண்டு வழியிலும் கட்டடத் தொழிலாளர் சட்டம் வெளியே நின்றுவிடுகிறது. சுரங்க விதிகளைப் பிரித்தால் அவற்றின் கவலை பெரும்பாலும் தோண்டுவதைப் பற்றியது: பாறையைப் படிப்படியாக வெட்டுவது, வெடிவைப்பது, சரிவைக் காப்பது. மூடிய கிரஷர் இன்னும் தொழிற்சாலைதானா, கட்டடமா என்று நீதிமன்றத்தில் வாதிடலாம். வாதிட வேண்டியவர் யார்? கால் போனவரா? அப்பாவை அந்த இரண்டு அலுவலகங்களும் திருப்பி அனுப்பியபோது, இந்த ஓட்டை வழியாகத்தான் அனுப்பின.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பழைய ஓட்டையை அடைக்க அது நல்ல வாய்ப்பு. தொழில்பாதுகாப்புத் தொகுப்பு என்ன செய்தது தெரியுமா? கட்டுமானப் பணியின் வரையறையில் 'இடிப்பு' என்ற சொல் இருக்கிறது. தொழிற்சாலை, சுரங்கம் தொடர்பான பணிக்கு விலக்கும் அப்படியே இருக்கிறது. 10 பேருக்குக் குறைவான இடத்துக்கும் விலக்கு. மின்சாரத்தில் இயங்கும் தொழிற்சாலை என்று கணக்கில் வர முன்பு 10 பேர் போதும், இப்போது 20 பேர் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்புக்கு முன்பு 20 பேர், இப்போது 50 பேர். ஒரு கிரஷரைப் பிரிக்க ஆறேழு பேர், ஒரு கேஸ் கட்டர், ஒரு பொக்லைன் போதும். இந்த ஆறேழு பேரும் எந்தச் சட்டத்தின் கண்ணிலும் பட மாட்டார்கள்.

இதில் சாதி எங்கே வருகிறது என்று கேட்பவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். விபத்து சாதி பார்க்காது என்கிறார்கள். விபத்து பார்க்காமல் இருக்கலாம், வேலைக்கு ஆள் எடுப்பவர் பார்க்கிறார். கல்லுடைப்பது இந்த நாட்டில் இன்னின்ன சாதிக்கு என்று ஒதுக்கப்பட்ட தொழில். ஒட்டரும் போயரும் தலைமுறை தலைமுறையாக அதில் தள்ளப்பட்டார்கள். தலித்துகளும் இருளரும் கடனுக்காகக் குவாரியில் கட்டிப்போடப்பட்டார்கள். இன்று அதே இடத்தில் ஒடிசா, பீகார், ஜார்கண்டிலிருந்து வரும் தொழிலாளர்கள் நிற்கிறார்கள். அவர்களிலும் பலர் ஆதிவாசிகளும் தலித்துகளும்தான். மொழி மாறியது, படிநிலை மாறவில்லை. கல்லை வெட்டியவரின் பிள்ளை பொறியாளராகி அந்தக் கிரஷரை இடிக்கத் திட்டம் வரைந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். திட்டம் வரைபவர் ஒரு சாதியிலும் சுவருக்கு அடியில் நிற்பவர் இன்னொரு சாதியிலும் இருக்கும்வரை, திட்டமே இல்லாமல் வேலை நடப்பது யாருக்கும் குற்றமாகத் தெரியாது.

2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் விழுந்து தூங்கிக்கொண்டிருந்த 17 தலித்துகள் இறந்தார்கள். அங்கேயும் முதல் நாள் செய்தியில் மழைதான் குற்றவாளி. அதைச் சாதிச் சுவர் என்று நாம் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன பிறகுதான் சுவருக்கு ஓர் உரிமையாளர் இருப்பதே தெரிந்தது. குவாரிச் சுவர்களுக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள்.

யாருடைய சாவு கண்ணுக்குத் தெரிகிறது என்பதையும் பார்ப்போம். 2023 ஜனவரி 27 அன்று சென்னை அண்ணா சாலையில் இடித்துக்கொண்டிருந்த கட்டடத்தின் சுவர் விழுந்து, நடந்துபோன ஐடி பெண் ஊழியர் ஒருவர் இறந்தார். அந்தப் பெண்ணுக்காக நகரம் கோபப்பட்டது சரி. இடிப்பு வேலையில் பாதுகாப்பு உண்டா என்று எல்லோரும் கேட்டார்கள். 2017இல் தியாகராய நகரில் தீப்பிடித்த சென்னை சில்க்ஸ் கட்டடத்தை இடிக்கும்போதும் ஓர் இறப்பு நடந்தது. இயந்திரத்தை ஓட்டியவர் மேல் இடிபாடு விழுந்தது. அந்தத் தீயை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம், அந்த ஓட்டுநரை எத்தனை பேர்? நடைபாதையில் விழும் சுவர் நகரத்தின் பிரச்சினை ஆகிறது. வேலியிட்ட வளாகத்துக்குள் விழும் சுவர் அவரவர் தலைவிதி ஆகிறது.

அரசால் முடியாத வேலையா இது? 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளர்கள், தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. அதன் பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று அதிகாரிகள் முன்னிலையில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். திட்டம் இருந்தது, சுற்றியிருந்த மக்களை வெளியேற்றினார்கள், சில நொடிகளில் கட்டடம் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தது. கேமராக்கள் பார்த்துக்கொண்டிருந்தன. பார்க்க ஆள் இருந்தால் ஒழுங்காக இடிக்கத் தெரிந்த அரசுதான் இது.

திட்டம் எழுதிவிட்டால் சாவே இருக்காது என்று சொல்லவில்லை. 2016 பிப்ரவரி 23 அன்று இங்கிலாந்தின் டிட்காட் அனல்மின் நிலையத்தில், தகர்ப்பதற்குத் தயார்செய்துகொண்டிருந்த கொதிகலன் கட்டடம் சரிந்து 4 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2025 நவம்பரில் தென்கொரியாவின் உல்சானில் பழைய மின்நிலையக் கோபுரம் சரிந்து 7 பேர் இறந்தார்கள். சட்டமும் பொறியாளரும் உள்ள நாடுகளிலேயே பழைய தொழிற்கட்டுமானம் இவ்வளவு ஆபத்தானது. அப்படியென்றால் ஒரு மேஸ்திரியின் கண்மதிப்பை மட்டும் நம்பி அந்த வேலையைச் செய்யவைப்பதை என்னவென்று சொல்வது?

இங்கே நம் இயக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அம்பேத்கரை அரசியல் சட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் அவர். 1943 டிசம்பரில் தன்பாத் பகுதி நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தானே இறங்கிப் பார்த்தார். அந்த மரபு நம்முடையது. நாம் எத்தனை குவாரிக்குள் இறங்கினோம்?

மலக்குழி மரணங்களை நாம் எப்படிப் பேசவைத்தோம் என்பதை நினைத்துப் பாருங்கள். விஷவாயு தாக்கிப் பலி என்றுதான் அந்தச் செய்திகளும் வந்துகொண்டிருந்தன. தோழர்கள் ஒவ்வொரு ஊராகப் போய் இறந்தவர் பெயர், ஊர், சாதி, இறக்கியவர் யார் என்று பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலோடு நடந்த வழக்கில்தான் 2014இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு இறப்புக்கும் 10 லட்சம் என்றது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. எண்ணத் தொடங்கிய பிறகுதான் அது தற்செயல் என்று சொல்ல முடியாமல் போனது. குவாரிக்கும் அப்படி ஒரு தீர்ப்பு இருந்தது. பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஃபரிதாபாத் குவாரிகளைப் பற்றிச் சொன்னவற்றில் ஒன்று, கிரஷருக்கு மேலே ஒரு டிரம்மில் தண்ணீர் வைத்துத் தெளியுங்கள் அல்லது தூசியை உறிஞ்சும் கருவி வையுங்கள் என்பது. ஒரு டிரம் தண்ணீர்! சித்தப்பா வேலை பார்த்த 11 வருடத்தில் அந்த டிரம்மை அவர் பார்த்ததே இல்லை. தீர்ப்பு இருந்தும் கேட்க ஆள் இல்லை.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

குவாரியின் உரிமம் முடிந்தால், அங்குள்ள கட்டுமானங்களைப் பாதுகாப்பாக அகற்றுவதும் உரிமம் பெற்றவரின் கடமை என்று எழுத வேண்டும். லாட்டாக விற்றுவிட்டேன் என்று அவர் கைகழுவ முடியாது. பொறியாளர் கையெழுத்திட்ட இடிப்புத் திட்டமும், வேலை செய்வோரின் பெயர்ப் பட்டியலும், காப்பீடும் இல்லாமல் கிரஷரிலிருந்து ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவான தாம்பரம் மாநகராட்சி, தன் எல்லைக்குள் கைவிடப்பட்டு நிற்கும் கிரஷர், பழைய தொழிற்கூடம் அனைத்தையும் கணக்கெடுக்க வேண்டும். பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் கார் தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று ஐடி வளாகம் நிற்கிறது. மனை விலை ஏற ஏற இன்னும் பல இடிக்கப்படும். ஒன்றியச் சட்டம் விட்ட ஓட்டையைத் தமிழ்நாடு தன் 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தைக் கொண்டாவது அடைக்க வேண்டும். 10 பேர் என்ற கணக்கு இடிப்பு வேலைக்கு இருக்கவே கூடாது.

இருக்கும் உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் இடிப்பு வேலையையும் சேர்த்தே எழுதப்பட்டது. 15,000 ரூபாய் மாதச் சம்பளம் என்று வைத்து அந்தக் கணக்கைப் போட்டால், 30 வயதில் இறந்தவரின் குடும்பத்துக்கு சுமார் 15.6 லட்சம் ரூபாய் வர வேண்டும். ஒப்பந்ததாரர் மூலம் வேலை வாங்கிய முதன்மை முதலாளியிடமே அதைக் கேட்கவும் அதில் வழியிருந்தது. இப்போது இது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போயிருக்கிறது. எங்களுக்கு அன்று இது தெரியாது. வாசலில் எண்ணிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு வந்தோம்.

போன மாதம் சித்தப்பாவிடம் இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். பெட்டிக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் இருமிவிட்டு, "அந்த சுவர் வுழும்னு எனக்குத் தெரியும்மா. மேஸ்திரிகிட்ட சொன்னேன். அவன் யார்கிட்ட சொல்றதுன்னு அவனுக்குத் தெரியல" என்றார்.

உங்கள் ஊரிலும் நின்றுபோன கிரஷரோ பழைய ஆலையோ இருக்கும். ஒருநாள் அங்கே கேஸ் சிலிண்டரும் பொக்லைனும் வந்து இறங்கும். அன்று இரண்டு தோழர்கள் சேர்ந்து போங்கள். இடிப்புத் திட்டம் எங்கே, வேலை செய்பவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே, இவர்களுக்கு முதலாளி யார் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். கொடுக்க மறுத்தால், மறுத்தவரின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.